407 கிரவுன் ஆயில் மாற்றியாச்சு, ஆனால் அந்த மேல் பிளக் இருக்கே!

மக்களே, வணக்கம். பின்னால் நிற்பது நம்ம பழைய டாடா 407 சின்ன லாரிதான். போன வீடியோவில் தேனி லோடோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது பின்பக்கம் ஊம் என்று ஒரு இரைச்சல் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? பார்த்தவர்கள் பாதிப் பேர் கிரவுன், அதாவது பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம், போச்சு என்றார்கள். எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. கிரவுன் போகவில்லை, மக்களே! கெட்டது ஆயில்தான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் கீழே படுத்தேன். கிரவுனை மூடியிருக்கும் இரும்பு உறைதான் ஹவுசிங். அதில் இரண்டு பிளக், அதாவது திருகு மூடி. கீழே உள்ளது வடிக்க, மேலே உள்ளது ஊற்ற. எப்போதும் மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டி வாசலிலேயே கிடக்கும்.

அந்த மேல் பிளக்தான் என் உயிரை எடுத்தது. முன்பு ஒரு பட்டறையில் யாரோ ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கியிருக்கிறார்கள். தலையின் ஆறு மூலையும் மழுங்கிப்போய் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. அடுத்தவன் வண்டி என்றால் இப்படியா முடுக்குவது? எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ரிங் ஸ்பேனர் வழுக்கியது, பைப் ரெஞ்சு பிடிக்கவில்லை. சுற்றிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் ஒரு சைஸ் சின்ன பாக்ஸ் ஸ்பேனரை, ஆறு மூலை உள்ளதை, தலைமேல் சுத்தியலால் அடித்து இறக்கினேன். நீளக் கைப்பிடி போட்டு மெதுவாக அழுத்தினேன். டக்! அந்தச் சத்தம் மைக்கில் விழுந்திருக்கிறது, மறுபடி போட்டுக் கேளுங்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

அதே பிளக்கைக் கையால் திருகிவிட்டு, ஒத்தக்கடை வரை ஓட்டிவிட்டு வந்தேன். ஆயில் சூடானால்தான் அடியில் கிடக்கும் கசடும் சேர்ந்து இறங்கும். வந்து கீழ் பிளக்கைத் திறந்தால், கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் காப்பி நிறத்தில் கொட்டுகிறது. தண்ணீர்! பிளக் முனைக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், திருநீறு மாதிரி நைசாக இருந்தது. நறநறப்போ பல் துண்டோ இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். தண்ணீர் எப்படிப் போனது? ஹவுசிங் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். நம்ம வண்டியில் அது மண் அடைத்துக் கிடந்தது. மழையன்று சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினேனே, அப்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். மேலே வழி இல்லாததால் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி மாட்டியிருக்கிறேன்.

புது கியர் ஆயிலின் கெட்டித்தன்மை 80டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5. கிரவுன், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், இரண்டின் பற்களும் ஒன்றோடொன்று வழுக்கி உரசுவதால் இந்தத் தரம் வேண்டும். இதில் கந்தக மருந்து உண்டு, அதனால்தான் அந்த நாற்றம். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், அம்மாவுக்கு ஆகவே ஆகாது. கியர்பாக்ஸுக்கும் இதையே ஊற்றிவிடாதீர்கள், சில ஜிஎல்-5 ஆயில் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். கை பம்ப் வைத்து ஏற்றி, மேல் துளையின் கீழ் விளிம்பில் வழிந்ததும் நிறுத்தினேன்.

விலை சொல்லவில்லையே! புது பிளக் 150 ரூபாய், அது நியாயம். ஒரு செம்பு வாஷருக்கு 60 ரூபாய் கேட்டார்கள், மக்களே! கட்டைவிரல் அகலம்கூட இல்லாத வளையம். திரும்பி நடந்து, பக்கத்துக் கடையில் அதே வாஷரை 20 ரூபாய்க்கு நான்காக வாங்கினேன்.

நான்கு எதற்கு என்றால், இரண்டு பிளக்குக்கும் இரண்டு தடவை வேண்டும். உள்ளே ஒட்டிய தண்ணீர் ஒரே தடவையில் போகாது. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இதையும் வடித்து மறுபடி புதுசு ஊற்றப்போகிறேன். இந்தத் தடவை மேல் பிளக்கை நானே அளவாக முடுக்கியிருக்கிறேன், ஒரே ஸ்பேனரில் வந்துவிடும்.