வெப்சைட்டுக்கு ரெண்டு பாகம்: ஒண்டுக்குடித்தனத்துல வேர்ட்பிரஸ் போடுறது

வானொலி கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்துல டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், இதுதான் எங்க தொழில், ஆனா கொஞ்ச வருஷமா பத்திரிகை அடிக்க வர்றவங்களே அப்படியே ஒரு வெப்சைட்டும் போட்டுக் குடுங்கம்மான்னு கேக்க ஆரம்பிச்சாங்க, அதனால நானும் ஒவ்வொண்ணா தட்டித் தட்டிக் கத்துக்கிட்டேன். நீங்களே முதல் தடவையா ஒரு ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்கிறதுக்குப் பலரோட பங்கு போட்டுக்கிற வாடகை இடம், அதை வாங்கி, அதுல வேர்ட்பிரஸ்னு சைட் நடத்துற மென்பொருளைப் போடணும்னா எங்கெங்க மாட்டுவீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், நான் மாட்டின இடங்கள்தான் எல்லாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

ஷேர்டு ஹோஸ்டிங்ங்கிறது நம்ம ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மோட்டார், உள்ள வரிசையா போர்ஷன். ஒரு சர்வர்ல, அதாவது எப்பவும் இன்டர்நெட்ல ஓடிட்டு இருக்கிற ஒரு கம்ப்யூட்டர்ல, நிறைய பேரோட சைட் இருக்கும், பல நேரம் எல்லாருக்கும் ஐபி நம்பர்ங்கிற கதவு எண் கூட ஒண்ணுதான், பிரவுசர் எந்தப் பேரைக் கேக்குதுன்னு பாத்து சர்வர் அந்தந்த போர்ஷனுக்கு அனுப்புது. வாடகை கம்மி. ஆனா பக்கத்து போர்ஷன்ல ஒருத்தர் குழாயைத் தொறந்து விட்டா நமக்குத் தண்ணி மெதுவாத்தான் வரும். சின்னக் கடைக்கு, ஊர்ச் சங்கத்துக்கு, ஒருத்தர் எழுதிப் போடுறதுக்கு இது தாராளமா போதும், தைரியமா வாங்குங்க. முதல் வருஷ வாடகையை மட்டும் பாத்து வாங்காதீங்க, ரெண்டாவது வருஷம் புதுப்பிக்கும்போது என்ன விலைன்னு அதே பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதைத் தேடிப் படிங்க.

டொமைன், அதாவது சைட்டோட பேரு, அதை உங்க பேர்ல உங்க ஈமெயில்ல வாங்குங்க. போட்டுக் குடுக்கிறவர் பேர்ல வேண்டவே வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. ரின்யூவல் மெயில் அவருக்குத்தான் போகும், அவர் நம்பர் மாத்திட்டா உங்க பேரு போச்சு. டாட் காம் வாங்கினீங்கன்னா ஈமெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும், 15 நாளைக்குள்ள அதை க்ளிக் பண்ணலன்னா டொமைனை நிறுத்தி வச்சிடுவாங்க. அப்புறம் நேம்சர்வர், அதாவது அந்தப் பேரு எந்த ஹோஸ்டிங்குக்குப் போகணும்னு சொல்ற இடம், அதை மாத்தினா எல்லா இடத்துலயும் தெரிய 48 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், அதுக்குள்ள பதறி திரும்பத் திரும்ப மாத்தாதீங்க.

இப்ப வேர்ட்பிரஸ். 2003 மே மாசம் 27ஆம் தேதி மேட் முல்லன்வெக், மைக் லிட்டில்னு ரெண்டு பேர், பி2ன்னு இருந்த ஒரு பழைய மென்பொருளை எடுத்து வளர்த்து வெளியிட்டது. ஜிபிஎல் உரிமத்துல வந்தது, யார் வேணா இலவசமா எடுத்துப் போட்டுக்கலாம். அதனால வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேருக்கே இவ்வளவுன்னு யாராவது பில் போட்டா குடுக்காதீங்க. டொமைனுக்கு, ஹோஸ்டிங்குக்கு, அவங்க உழைப்புக்குக் குடுங்க, அது நியாயம்.

ஹோஸ்டிங் வாங்கினதும் நம்ம இடத்தை நிர்வகிக்கிறதுக்கு பெரும்பாலும் சிபேனல்னு ஒரு பக்கம் கிடைக்கும், அதுக்குள்ள சாஃப்டாகுலஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா ஒரு நிமிஷத்துல வேர்ட்பிரஸ் வந்து உக்காந்துடும். நல்ல வசதிதான். ஆனா நான் சொல்றது, முதல் தடவை அந்தப் பட்டனைத் தொடாதீங்க, ஒரே ஒரு தடவை கையால போடுங்க. ஏன்னு சொல்றேன்.

நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு செய்ற ஒரு அண்ணனுக்கு நான் சைட் போட்டுக் குடுத்தேன், பட்டனை அமுக்கித்தான் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன், காவிரி வண்டல் மண்ணு அச்சுக்கு ஏன் அவ்வளவு சரியா வருது, பித்தளையை உருக்கி ஊத்துறப்ப நிறத்தைப் பாத்தே பதம் எப்படிக் கண்டுபிடிக்கிறது, கடைசல் பிடிக்கிறது, அன்னப்பட்சி, எல்லாம். சாயங்காலம் சாயங்காலமா உக்காந்து அறுபது பக்கத்துக்கு மேல ஏத்தியிருந்தோம். நான் மாசா மாசம் பேக்கப் எடுத்தேன், ஃபைல் மேனேஜர்ல பப்ளிக் அண்டர்ஸ்கோர் எச்டிஎம்எல்ங்கிற ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணி இறக்கி வச்சுப்பேன், சைட் முழுக்க அதுலதான் இருக்குன்னு நம்பிட்டு. ஒரு வருஷம் ரின்யூவல் தவறிடுச்சு, அந்த ஹோஸ்டிங் கம்பெனி அக்கவுண்ட்டை அழிச்சிட்டாங்க. வேற இடம் வாங்கி என் ஜிப்பை விரிச்சா, போட்டோ எல்லாம் இருக்கு, சைட்டோட தோற்றத்தைத் தர்ற தீம் இருக்கு, ஒரு வரி எழுத்து கூட இல்ல. எழுத்து எதுவும் அந்த ஃபோல்டர்ல என்னிக்குமே இருந்ததில்ல, டேட்டாபேஸ்ல இருந்திருக்கு. அது எழுத்தையெல்லாம் அட்டவணையா சேத்து வைக்கிற தனி இடம்.

அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் கோவப்படல. பட்டறைல இருந்த ஒரு விளக்கைக் கழட்டிக் காட்டினார், அடிபாகம் தனி, தண்டு தனி, எண்ணெய் ஊத்துற தட்டு தனி, மேல பிரபை தனி, எல்லாத்துக்கும் திருகு மரை. தண்டை விட்டுட்டு மத்ததை மூட்டை கட்டிட்டு வந்திருக்கம்மா, அவ்வளவுதானேன்னார். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. அன்னிக்குப் புரிஞ்சது, நான் கையால ஒரு தடவை மாட்டியிருந்தா எது எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

சரி, கையால மாட்டுறது எப்படி. வேர்ட்பிரஸ் டாட் ஓஆர்ஜி போய் ஜிப்பை இறக்குங்க, டாட் காம் இல்ல, அது வேற சேவை. அந்த ஜிப்புக்குள்ள ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கு, எஃப்டிபிங்கிற ஃபைல் அனுப்புற வழில ஒவ்வொண்ணா ஏத்தினா விடிஞ்சிடும், ஜிப்பாவே சிபேனல்ல ஏத்தி அங்கயே எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க. விரிச்சதும் வேர்ட்பிரஸ்னு ஒரு ஃபோல்டர் வரும், அதுக்குள்ள இருக்கிறதை எல்லாம் வெளில பப்ளிக் அண்டர்ஸ்கோர் எச்டிஎம்எல்லுக்கு நகத்தணும். நகத்தலன்னா சைட் பேருக்குப் பின்னாடி ஸ்லாஷ் வேர்ட்பிரஸ்னு அடிச்சாத்தான் தொறக்கும்.

அடுத்தது டேட்டாபேஸ், இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. மூணு வேலை. டேட்டாபேஸ் ஒண்ணு உண்டாக்கணும், யூசர் ஒருத்தர் உண்டாக்கணும், அப்புறம் அந்த யூசரை அந்த டேட்டாபேஸ்ல சேத்து ஆல் பிரிவிலேஜஸ்னு டிக் பண்ணணும். முதல் ரெண்டையும் பண்ணிட்டு மூணாவதை மறந்துடுவாங்க, அது அதே பக்கத்துல கீழ இருக்கும், ஸ்க்ரோல் பண்ணினாத்தான் தெரியும். இன்னொண்ணு, நீங்க விளக்குன்னு பேர் குடுத்தா சிபேனல் அதுக்கு முன்னாடி உங்க அக்கவுண்ட் பேரையும் ஒரு அண்டர்ஸ்கோரையும் சேத்துடும், முழுப் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க.

அந்த விவரத்தை எழுத வேண்டியது டபிள்யூபி ஹைஃபன் கான்ஃபிக்ங்கிற ஃபைல்ல. சாம்பிள்னு ஒண்ணு கூடவே வரும், அதை காப்பி பண்ணி பேர்ல இருக்கிற ஹைஃபன் சாம்பிளை எடுத்துடுங்க. உள்ள டேட்டாபேஸ் பேரு, யூசர் பேரு, பாஸ்வேர்டு, ஹோஸ்ட்னு நாலு வரி, ஹோஸ்ட் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்தான், மாத்த வேண்டாம். இதை எம்எஸ் வேர்டுல தொறந்து திருத்தாதீங்க, எங்களை மாதிரி டிடிபி ஆளுங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வேர்டு நேரா இருக்கிற மேற்கோள் குறியை அழகா வளைச்சு விட்டுடும், வேர்ட்பிரஸ் எழுதியிருக்கிற பிஎச்பிங்கிற மொழிக்கு வளைஞ்ச குறி புரியாது, சைட் வெள்ளைப் பக்கமா நிக்கும். ஃபைல் மேனேஜர்லயே எடிட் இருக்கு, இல்லன்னா நோட்பேட். டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கலன்னு ஒரு வரி மட்டும் வந்தா வேற எங்கயும் தேடாதீங்க, அந்த நாலு வரியும் அந்த மூணாவது டிக்கும்தான்.

ஃபைலை ஏத்திட்டு சாப்பிட்டு வந்து மிச்சத்தைப் பாக்கலாம்னு எழுந்துடாதீங்க. பாதில நிக்கிற இன்ஸ்டால் பக்கத்தை இன்டர்நெட்ல யார் வேணா தொறக்கலாம், அப்படிப்பட்ட பக்கங்களைத் தேடி அலையுற ஆளுங்க இருக்காங்க, அவங்க டேட்டாபேஸ் விவரத்தைக் குடுத்து உங்க இடத்தைப் பிடிச்சுக்குவாங்க. உக்காந்தா ஒரே மூச்சா முடிங்க. பிரவுசர்ல உங்க சைட்டைத் தொறந்தா வர்ற அந்த இன்ஸ்டால் பக்கத்துல கேக்குற யூசர் நேமை அட்மின்னு வைக்காதீங்க. எதுவோ ஏறலன்னு யாராவது பெர்மிஷனை, அதாவது யார் படிக்கலாம் யார் மாத்தலாம்ங்கிற அனுமதியை, எல்லாருக்கும் தொறந்து விடுற 777ல வைக்கச் சொன்னா கேக்காதீங்க, ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. எஸ்எஸ்எல், அதாவது சைட்டுக்கும் பிரவுசருக்கும் நடுவுல போறதை மத்தவங்க படிக்க முடியாம பண்ற பூட்டு, லெட்ஸ் என்கிரிப்ட்ங்கிற அமைப்புல இலவசமாவே கிடைக்குது, நிறைய ஹோஸ்டிங்ல தானாவே போட்டுடுவாங்க.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு ரெண்டு விஷயம். வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சு வச்சதை அப்படியே ஒட்டினா இங்கிலீஷ் எழுத்து கலந்த கிறுக்கலாத்தான் வரும், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாத்திட்டு ஒட்டுங்க, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி கருவி இருக்கு. ரெண்டாவது, பக்கத்தோட லிங்க். குத்துவிளக்குன்னு தலைப்பு வச்சா லிங்க்லயும் தமிழ் வரும், அழகா இருக்கும், அதை வாட்ஸ்அப்ல அனுப்பினா பர்சன்ட் ஈ ஜீரோ பர்சன்ட் ஏஈன்னு பெரிய வாலா நீளும். குத்துவிளக்கு நமக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டருக்குக் கொம்பும் புள்ளியும் தனித்தனி, ஆக 13 துண்டு, ஒவ்வொரு துண்டும் லிங்க்ல 9 குறி, மொத்தம் 117. வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்கு 200 குறிதான் ஒதுக்கியிருக்கு. கொஞ்சம் நீளமா தமிழ்ல தலைப்பு வச்சா லிங்க் நடுவுலயே வெட்டுப்பட்டுடும். அதனால தலைப்பு தமிழ்ல இருக்கட்டும், பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி லிங்க்கை மட்டும் இங்கிலீஷ் எழுத்துல சின்னதா மாத்திடுங்க. அப்படியே செட்டிங்ஸ்ல நேரத்தையும் நம்ம இந்திய நேரத்துக்கு, அதாவது யுடிசி பிளஸ் அஞ்சரைக்கு மாத்திடுங்க, இல்லன்னா விடியக்காலைல அஞ்சரை மணிக்கு முன்னாடி போட்டது முந்தின நாள் தேதில நிக்கும்.

இப்ப நான் பேக்கப் எடுக்கிறது எப்படின்னா, ஃபோல்டரை ஜிப் பண்றேன், அப்புறம் சிபேனல்ல டேட்டாபேஸைப் பாக்குற பிஎச்பிமைஅட்மின்ங்கிற கருவியைத் தொறந்து டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் அமுக்குறேன், எஸ்க்யூஎல்னு ஒரே ஒரு ஃபைல் வருது, போட்டோ எதுவும் அதுல இல்லாததால ரொம்பச் சின்னது. ரெண்டும் ஒரே தேதி போட்டு ஒரே பென்டிரைவ்ல. அண்ணன் திரும்பவும் முதல்லேர்ந்து சொல்றார், இப்ப வாட்ஸ்அப்ல வாய்ஸா அனுப்பிடுறார், பின்னாடி ராவுற சத்தம் கேக்கும், நான் கடை சாத்தினப்புறம் உக்காந்து டைப் பண்றேன், வண்டல் மண்ணு பக்கம் முடிஞ்சிடுச்சு, இந்த வாரம் கடைசல். பென்டிரைவ் ஒண்ணு எங்க கடைல, இன்னொண்ணு அவர் பட்டறை அலமாரில. கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க, வணக்கம்.