சிரிப்புக்கு எதிரே ஆள் வேண்டும்

(தருமபுரியில் நாடக ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் நடந்து, பிறகு தொலைக்காட்சிக்குப் போன நகைச்சுவை நாடகங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். பாலக்கோட்டிலிருந்து வந்திருக்கும் அம்மா, "டிவியில பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரிச்சேன், மேடையை நான் எங்கே கண்டேன்" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, சேலத்தில் நேரில் பார்த்த நாடகம் டிவியில் சப்பென்று இருந்தது என்றார். கல்லூரியில் படிக்கும் தங்கை, "எல்லாரும் வரிசையா நின்னு கத்துறாங்க சார்" என்று முடித்துவிட்டார். மூவர் சொன்னதும் உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. பின்னால் செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் தெருவே டிவி இருக்கும் வீட்டில் கூடும். நம் பக்கத்தில் சபா கிடையாது. மயிலாப்பூருக்குப் போய் டிக்கெட் வாங்கி நாடகம் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? நமக்கு டிவிதான் சபா. பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து, ஒருவர் சிரிக்க மற்றவரும் சிரித்துப் பார்த்தது அது. அந்தச் சிரிப்பை விவரம் தெரியாதவர்களின் சிரிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் ஆசிரியர் ஐயாவுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை? அவர் நேரில் பார்த்தபோது இருந்த ஒன்று டிவியில் இல்லை. அவரைச் சுற்றி இருந்த கூட்டம்தான் அது. மேடையில் ஒரு வசனம் விழுகிறது. முன்வரிசை சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு பின்வரிசைக்குப் போய்த் திரும்புகிறது. நல்ல நடிகர் அதுவரை காத்திருப்பார். காத்திருக்கும் நேரத்தில் சும்மா நிற்க மாட்டார். துண்டை உதறுவார், எதிராளியை முறைப்பார், அதற்கு இன்னொரு சிரிப்பு கிடைக்கும். கிரேசி மோகன் நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிலேடை முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கும். அந்த வேகத்துக்குக் கடிவாளம் கூட்டத்தின் கையில்தான் இருந்தது. ஆளில்லாத ஸ்டூடியோவில் அதே குழு நடிக்கும்போது எவ்வளவு நேரம் நிற்பது என்று சொல்ல யாருமில்லை. நிற்காமல் ஓடினால், வீட்டில் நாம் சிரிக்கிற சத்தத்தில் அடுத்த இரண்டு வசனங்கள் போய்விடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வெளியே தமிழ் பேசுகிறவர்கள் அங்கே ஏராளம். சென்னை வீட்டுத் தமிழில் சடசடவென்று வரும் சிலேடை காதில் விழுந்து புரிய அவர்களுக்கு அரை நொடி கூடுதலாக வேண்டும். மேடையில் அந்த அரை நொடி தானாகவே கிடைத்தது.

ஐயாவுக்குச் சிரிப்பு வராததற்குக் கேமராவும் ஒரு காரணம். ஆள் ஒளியும் நாடகத்தில் ஒருவர் பீரோவுக்குப் பின்னால் நிற்பார், தேடுகிறவர் முன்னால் நிற்பார். இருவரையும் ஒரே சமயத்தில் பார்ப்பதில்தான் நமக்குச் சிரிப்பு. கேமரா தேடுகிறவர் முகத்துக்கு நெருங்கிப் போனதும் ஒளிந்தவர் காணாமல் போகிறார், சிரிப்பும் போகிறது.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் நீல் சைமன் எழுதிய 'தி ஆட் கப்பிள்' 1965இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தது. சுத்தத்தில் வெறி பிடித்த ஒருவரும், அறையைக் குப்பைமேடாக வைத்திருக்கும் இன்னொருவரும், மனைவியைப் பிரிந்த நிலையில் ஒரே வீட்டில் குடியிருக்கும் கதை. 1970இல் அது ஏபிசி தொலைக்காட்சித் தொடரானது. முதல் ஆண்டு ஆளில்லாமல் படம்பிடித்து, பதிவு செய்த சிரிப்பை ஒட்டினார்கள். முக்கிய நடிகர்கள் டோனி ராண்டல், ஜாக் கிளக்மன் இருவருக்கும் அந்த ஒட்டுச் சிரிப்பு பிடிக்கவில்லை. கிளக்மன் அதே வேடத்தை பிராட்வேயில் நடித்தவர். உண்மையான கூட்டம் எப்படிச் சிரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டிலிருந்து பார்வையாளர்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னால் நாடகம் போலவே நடித்துப் பல கேமராக்களில் பிடித்தார்கள். தொடர் 1975 வரை ஓடியது. அந்த இரண்டு நடிகர்களை நான் மிகவும் மதிக்கிறேன். சிரிப்பை ஒட்டவைக்க முடியாது என்பதற்காக அவர்கள் சண்டை போட்டார்கள்.

சரி, தங்கை சொன்ன கத்தலுக்கு வருவோம். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழகிய குரல் அது. முகத்துக்கு அருகில் கேமரா இருக்கும்போது அதே குரல் உறுத்தத்தான் செய்யும். அதற்காக மேடைத்தனத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்து நடிகை ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தனியாளாக நின்று 'ஃபிளீபேக்' என்ற நாடகத்தை நடித்தார். 2016இல் அது பிபிசி தொடரானது, பெரியவர்களுக்கான தொடர். மேடையில் கூட்டத்திடம் பேசியவர், தொடரில் காட்சி நடக்கும்போதே சட்டென்று கேமராவைப் பார்த்து நம்மிடம் ஒரு வரி சொல்வார். இரண்டாவது பருவத்தில் ஒரு பாதிரியார் வருகிறார். இவர் இப்படி நம் பக்கம் திரும்புவதை அவர் மட்டும் கவனித்துவிடுவார்! அந்தத் திரும்பல் சிலருக்கு உயிராகவும் சிலருக்குத் தொந்தரவாகவும் பட்டது. எனக்கு உயிராகவே பட்டது.

நமக்கு இது புதிதா என்ன? பென்னாகரம் பக்கம் கூத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவிடம் ஒரு வார்த்தை பேசுவான், திரும்பி நம்மிடம் ஒரு வார்த்தை பேசுவான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே நம்மூர் தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்பான். பாரதக் கூத்தில் விடியும்வரை ஊர் விழித்திருப்பதில் அவனுக்குப் பெரிய பங்கு உண்டு. டிவிக்கு நாடகம் எழுதியவர்கள் சபாவைப் பார்த்தார்கள், சினிமாவைப் பார்த்தார்கள், கட்டியங்காரனைப் பார்க்கவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இங்கே கைப்பேசியில் நகைச்சுவை எடுத்து யூடியூபில் போடும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்த முறை நாடகத்தைப் படம்பிடிக்கும்போது, மேடை முழுவதும் தெரியும்படி ஒரு கேமராவை அசைக்காமல் வையுங்கள். ஒரு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது அந்தக் கூட்டத்தின் சிரிப்பு முடியும்வரை வெட்டாதீர்கள். அப்புறம் வெளியிடுவதற்கு முன்னால் பாலக்கோட்டு அம்மாவிடம் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.