அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் நாள்

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சி ஒளிபரப்பு அனலாக் முறையிலிருந்து டிஜிட்டல் முறைக்கு மாறுவதைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். பழைய ஒளிபரப்பை எந்த நாளில் நிறுத்துவது என்ற கேள்விக்கு, அதை இன்னும் நம்பியிருக்கும் கடைசி வீடுகளின் நிலையைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான முதல் காரணம் தொழில்நுட்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

அனலாக் முறையில், படத்தின் வெளிச்சமும் நிறமும் மாறுவதற்கேற்ப வானலையும் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே வருகிறது. வழியில் சேரும் இரைச்சலும் படத்தோடு கலந்தே வீடு வந்து சேர்கிறது. திரையில் வெண்புள்ளிகள் பொரிவதும், மலையிலோ உயர்ந்த கட்டடத்திலோ பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதித்து வருவதால் உருவங்கள் இரட்டையாகத் தெரிவதும் இதனால்தான். டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக்கப்பட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறாதிருக்கும் பகுதிகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்படாமல் சுருக்கப்பட்டு, பிழைகளைத் திருத்திக்கொள்ள உதவும் கூடுதல் எண்களுடன் அனுப்பப்படுகின்றன. 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமுள்ள ஓர் அலைவரிசையில் அனலாக் ஒளிபரப்பு ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் அனுப்ப முடியும். அதே இடத்தில் டிஜிட்டல் முறை சாதாரணத் தரத்தில் நான்கைந்து நிகழ்ச்சிகளை அனுப்பிவிடும்.

ஆனால் பிழை திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சமிக்ஞை அந்த எல்லைக்கு மேலே இருக்கும்வரை படம் குறையின்றித் தெரியும். எல்லைக்குக் கீழே இறங்கியதும் கட்டங்கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். கோபுரத்திலிருந்து வெகுதூரத்தில், புள்ளிகள் நிறைந்த படத்தையே பல ஆண்டுகள் பொறுமையோடு பார்த்துச் செய்தி அறிந்துவந்த ஒரு குடும்பத்துக்கு, இந்த மாற்றம் தெளிவான படத்தைத் தரலாம். படமே இல்லாத திரையையும் தரலாம். செட் டாப் பெட்டி வாங்கிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்கு நல்ல ஆன்டெனா தேவைப்படலாம். அலைவரிசைகள் இடம் மாறும்போதெல்லாம் பெட்டியை மீண்டும் தேடவைக்க ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

மாற்றத்தை முதலில் முடித்த நாடு லக்சம்பர்க், ஆண்டு 2006. பெர்லின் நகரமும் அதன் சுற்றுப்புறமும் அதற்கு முன்பே, 2003-இல், மாறிவிட்டன. இவ்விரண்டு இடங்களிலும் பெரும்பாலான வீடுகள் ஏற்கெனவே கேபிளிலோ செயற்கைக்கோள் வழியாகவோதான் தொலைக்காட்சி பார்த்துவந்தன. எனவே அவற்றின் வேகத்தை மற்ற நாடுகள் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி பிரிட்டன். அங்கு 2007 அக்டோபரில் வைட்ஹேவன் என்ற ஊரில் தொடங்கி, வட்டாரம் வட்டாரமாக நகர்ந்து, 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் முடித்தார்கள். வைட்ஹேவனில் முதலில் பிபிசி டூ சேனலின் அனலாக் ஒளிபரப்பை மட்டும் நிறுத்தினார்கள். மற்றவற்றை நிறுத்தியது நான்கு வாரங்கள் கழித்துத்தான். ஒரு சேனல் காணாமல் போனவுடன், இன்னும் தயாராகாத வீடு எது என்பது அந்த வீட்டுக்கே தெரிந்துவிடும். மற்ற சேனல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவி கேட்க அவகாசமும் கிடைக்கும். 75 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கருவியைப் பொருத்தித்தரத் தனித் திட்டமே இருந்தது. எத்தனை விளம்பரம் செய்தாலும், வீட்டுக்கு வந்து கம்பியை இணைத்துக்கொடுக்கும் ஒருவருக்கு அது ஈடாகாது.

ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் இறுதிவரை அவகாசம் அளித்தது. தேதியை இப்படி வளைக்க முடிந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே நிகழ்ச்சியை இரண்டு முறைகளிலும் ஒளிபரப்புவதற்கு மின்சாரமும் பராமரிப்பும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ஒளிபரப்பு அலைவரிசைகளை நாடுகள் பகிர்ந்துகொள்வது பற்றிய 2006-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில், 2015 ஜூன் 17-க்குப் பிறகு பெரும்பாலான அனலாக் நிலையங்கள் அண்டை நாட்டு ஒளிபரப்பின் இடையூறிலிருந்து பாதுகாப்புக் கோரும் உரிமையை இழந்தன.

வானொலி நேயர்களுக்கென்று ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அனலாக் ஆறாவது சேனலின் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் வந்ததால், பண்பலை வானொலிப் பெட்டிகள் பலவற்றில் அதைக் கேட்க முடிந்தது. பெரிய நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது அந்த ஒலி நின்றுபோனது. புயல் காலத்துக்கென்று வைத்திருந்த, பேட்டரியில் இயங்கும் சிறு தொலைக்காட்சிப் பெட்டிகளும் பயனற்றுப் போயின.

அந்த நாட்டின் அனுபவத்திலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. தொலைக்காட்சி விட்டுக்கொடுத்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2008-இல் ஏலம் விடப்பட்டபோது சுமார் 1,900 கோடி டாலர் கிடைத்தது. ஏல வருவாயிலிருந்து 150 கோடி டாலர் வரை ஒதுக்கி, டிஜிட்டல் ஒளிபரப்பைப் பழைய பெட்டிகளில் காட்டும் மாற்றிக் கருவி வாங்க வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன்கள் தருவதென்று முன்கூட்டியே சட்டம் செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான்; ஆனால் கூப்பன்கள் 90 நாள்களில் காலாவதியாயின, 2009 ஜனவரியில் ஒதுக்கீடு தீர்ந்து விண்ணப்பதாரர்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். பிப்ரவரி 17 என்றிருந்த தேதியை ஜூன் 12-க்கு மாற்ற நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்னும் மாறாத நாடுகளின் அரசுகள் இந்த ஒதுக்கீட்டை முன்னதாகத் தீர்மானித்த ஒரு தொகையோடு நிறுத்தாமல், ஆன்டெனாவை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளை வட்டாரவாரியாகக் கணக்கெடுத்து, அக்கணக்குக்கு ஏற்ப ஏலப் பணத்திலிருந்தே வழங்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் கணக்கு முடிந்த பிறகே அங்குள்ள அனலாக் கோபுரத்தை நிறுத்த வேண்டும்.

நன்றி, வணக்கம்.