பாக்கெட் இல்லாத ஓவர்கோட்

வணக்கம் நேயர்களே.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 27 வருஷம் வேலை பார்த்தவள் நான். 1994-இல் சேரும்போது எனக்கு 18 வயது. பட்டுச்சேலை செக்‌ஷனில் சேலை மடித்துக் கொடுக்கும் ஆளாகத் தொடங்கி, கடைசி 11 வருஷம் ஃப்ளோர் சூப்பர்வைசர். வேலைக்கு வரும் இளவயதுப் பிள்ளைகள், அவர்களுக்குக் கடைகள் போடும் உடைக் கட்டுப்பாடு, இதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பூ வைக்காமல் வந்ததற்குச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டவளும் நானே. நகம் வெட்டாமல் வந்த பிள்ளைக்குப் பிடித்தவளும் நானே. இரண்டு பக்கத்துக் கணக்கும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் மாதிரிக் கடைகளுக்குப் பிள்ளைகள் வருஷத்தில் இரண்டு தடவை மொத்தமாக வருவார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஒரு கூட்டம்; காலேஜ் திறக்கும்வரைக்கும் என்று வருகிறவர்கள். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால் இன்னொரு கூட்டம். உசிலம்பட்டி, பேரையூர், மானாமதுரை, பரமக்குடி என்று ஊர் ஊராக வருவார்கள். 14 வயது நிறையாத பிள்ளையைக் கடை வேலைக்கு வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கடையில் டி.சி.யைப் பார்த்து, 17 முடிந்திருந்தால்தான் எடுப்போம். 17 என்பது என்ன வயது? சட்டப்படி இன்னும் ஓட்டு இல்லை. ஆனால் வீட்டில் தம்பியின் ஃபீஸ் அந்தப் பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சீருடை புதிதில்லை. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கு வருஷத்துக்கு நாலு செட் துணி அரசாங்கமே கொடுக்கிறது. எங்கள் கடையில் இரண்டு செட்தான். மெரூன் சேலை, மேலே நீல ஓவர்கோட். பையன்களுக்குச் சட்டை, பேண்ட், ஷூ. இந்த 'இரண்டு' என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் நாள் காலையில் ஹாஸ்டலைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடி, பன்னிரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் அதற்குமுன் சேலையே கட்டியதில்லை. ஊர்த் திருவிழாவுக்கு அம்மா கட்டிவிட்டிருப்பாள், அவ்வளவுதான். கொசுவத்தை எண்ணி எண்ணி மடிப்பார்கள், சேஃப்டி பின்னை வாயில் கடித்துக்கொண்டு. ஒன்பதேகாலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தலையில் எண்ணெய் வழிகிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, கையில் வளையல் இருக்கிறதா, ஐடி கார்டு மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருத்தராகப் பார்ப்போம்.

இதில் வளையலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலில் ஒட்டு வைத்த இடம் ஒன்று இருக்கும், விரலால் தடவினால் தெரியும். சேலையை விரித்துக் காட்டும்போது அந்த ஒட்டு ஜரிகையில் மாட்டினால் ஒரே ஒரு இழை இழுத்துக்கொள்ளும். முந்தியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். அவ்வளவுதான், பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சேலை தள்ளுபடி மேஜைக்குப் போய்விடும். மோதிரமும் அப்படித்தான், உடைந்த நகமும் அப்படித்தான்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. "வளையல் போடக் கூடாது, போட்டா அம்பது ரூபா" என்று மட்டும்தான் சொன்னார்கள். நான் சூப்பர்வைசர் ஆனதும் அப்படி இழை போன சேலை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். புதுப்பிள்ளைகள் வந்த முதல் நாள், வளையல் போட்ட கையோடு அதன்மேல் ஒரு தடவை தடவச் சொல்வேன். 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிள்ளைக்கு மறுபடி நான் வளையலைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததே இல்லை. பக்கத்தில் நிற்பவளுக்கு அவளே சொல்லிவிடுவாள்.

எல்லா விதிக்கும் இப்படி ஒரு சேலை இருந்ததா என்றால், இல்லை. பொட்டும் பூவும் கட்டாயம் என்று ஒரு மேனேஜர் சொன்னார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை வரிசையில் தலை குனிந்து நின்றாள். அவளைப் பொட்டு வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லவும் இல்லை. பொட்டு இல்லாத நெற்றியைப் பார்த்துச் சேலை வாங்காமல் திரும்பிப் போன வாடிக்கையாளர் யாரையும் 27 வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அதைவிட மோசமானது பாக்கெட். எங்கள் ஓவர்கோட்டில் பாக்கெட் கிடையாது. பையன்களின் பேண்ட் பாக்கெட்டையும் தைத்து மூடித்தான் கொடுப்பார்கள். "ஸ்டைலா இருக்கும்னு அப்படித் தச்சிருக்கு" என்பார்கள். எதற்கு என்று 17 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? கைக்குட்டை வைக்க இடமில்லாமல் இடுப்பில் செருகிக்கொள்ளும்போதெல்லாம் 'உன்னைத் திருடன் என்று நினைக்கிறோம்' என்று அந்தத் துணி சொல்லிக்கொண்டே இருக்கும். சந்தேகப்பட்டுப் போட்ட விதியையும் ஜரிகைக்காகப் போட்ட விதியையும் ஒரே நோட்டீஸில் ஒட்டினால், பிள்ளைகள் இரண்டையும் ஒரே மாதிரிதான் மதிப்பார்கள். அதாவது, மதிக்க மாட்டார்கள்.

அபராதத்துக்கு வருகிறேன். எங்கள் கடையில் ஒரு நோட்டு இருந்தது. ஐடி கார்டு மறந்தால் 50, ஷூ பாலிஷ் இல்லாவிட்டால் 50, ஓவர்கோட் அழுக்காக இருந்தால் 50. இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே ரொம்ப வருஷம் கழித்து ஒரு தொழிற்சங்கக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்தது. 2019-இல் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. ஒரு மாதத்து அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 ரூபாயைத் தாண்டக் கூடாது. எதற்கெல்லாம் அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டு 'ஏன்' என்று கேட்காமல் போடக் கூடாது. 15 வயது ஆகாதவருக்குப் போடவே கூடாது. வசூலித்த காசைத் தொழிலாளர் நன்மைக்குத்தான் செலவழிக்க வேண்டும். 8,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 3 சதவீதம் 240 ரூபாய். அந்த மாதத்தில் ஐந்தாவது 50 ரூபாயைப் பிடிக்கும்போதே சட்டத்தைத் தாண்டியாயிற்று. எங்கள் நோட்டில் ஒரே மாதத்தில் 600 ரூபாய் பிடிக்கப்பட்ட பெயர்கள் உண்டு. அந்த எழுத்து என் கையெழுத்து.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அபராதம் என்ன செய்தது தெரியுமா? ஒரு பிள்ளையை, "ஏம்மா மூணு நாளா ஒரே கோட்டு?" என்று கேட்டேன். "அதான் அம்பது ரூபா பிடிச்சீங்கல்லக்கா, அப்புறமென்ன?" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியில் சொன்னாள். அழுக்குக் கோட்டுக்கு நாங்கள்தான் விலை போட்டிருந்தோம். அவள் கொடுத்துவிட்டாள்.

சரி, பிள்ளைகள் பக்கமும் பேச வேண்டும். எல்லாவற்றையும் கடை தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை.

ஒரு கோடை சீசனில் ஒரு பையன் வந்தான். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு இனிமையான பேச்சு. சேலை விற்கப் பிறந்தவன். ஆனால் தலைமுடியை மேலே மட்டும் செம்பட்டையாக்கி வைத்திருந்தான். கறுப்பாக்கிக்கொண்டு வா என்று மேனேஜர் சொன்னார். மறுநாள் அவன் வரவில்லை, அவன் அம்மா வந்தார். கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு, "அவன் முடி, அவன் இஷ்டம். பள்ளிக்கூடத்துலதான் ஒட்ட வெட்டச் சொல்லிப் படுத்துனாங்க, இங்கயுமா?" என்று சத்தம் போட்டார். நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். முடி நிறத்துக்கும் சேலைக்கும் சம்பந்தமில்லை. அந்த விதி எனக்கும் பிடிக்காததுதான். ஆனால் நான் ஒன்றுதான் சொன்னேன்: "அம்மா, வேலைக்குச் சேர்ந்தது அவன். கையெழுத்துப் போட்டது அவன். அவனை வந்து பேசச் சொல்லுங்க. நீங்க பேசுனா நான் கேக்க மாட்டேன், அவன் பேசுனா கேப்பேன்."

கோபமாகத்தான் போனார். சாயங்காலம் பையன் தனியாக வந்தான். கை நடுங்கியது. "அக்கா, முடியை நான் மாத்தல. கஸ்டமர் கண்ணுல படாத எடத்துல வேலை குடுங்க, குடோன்ல போடுங்க" என்றான். குடோனில் இன்சென்டிவ் கிடையாது. மாதம் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு குறையும். அதைச் சொன்னேன். "தெரியும்க்கா" என்றான். ஜூன் வரைக்கும் பார்சல் கட்டினான். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. முடி கடைசிவரை செம்பட்டைதான். எங்கள் கடைக்கு ஒரு நல்ல விற்பனையாளன் போனான். அது மேனேஜர் நஷ்டம். ஆனால் தனக்கு எது முக்கியம், அதற்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று 17 வயதில் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை அம்மாவிடம் தள்ளாமல் தானே கட்டினான் பாருங்கள், அவனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காலத்தில் நிற்பதும் உடை ஒழுங்கில் சேர்த்திதான். 'உட்கார்ந்தா சேலை கசங்கும்' என்று காரணம் சொல்வார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் விஜி என்கிற தையல்காரப் பெண்மணியோடு சேர்ந்து இதற்காகப் போராடினார்கள். கேரளத்தில் 2018-இல் சட்டம் மாறியது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்து, கடைகளில் எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். எனக்கு நாற்காலி வந்தபோது நான் வேலையிலிருந்து நிற்கும் நேரமும் வந்துவிட்டது. இருக்கட்டும்.

அந்த 'இரண்டு செட்' கதைக்கு வருகிறேன். ஒரு தீபாவளி சீசன், ஐப்பசி அடைமழை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மூன்று நாளாக ஈர ஓவர்கோட்டோடு வந்து நின்றாள். ஒருவித முடைநாற்றம். முதல் இரண்டு நாளும் 50, 50 என்று எழுதினேன். மூன்றாவது நாள் பேனாவை எடுத்தபோது தும்மினாள். ஏனோ அன்றைக்கு மதியம் ஹாஸ்டலுக்குப் போனேன். 11 வருஷத்தில் மேல்மாடிக்கு நான் ஏறியது அதுதான் முதல் தடவை. துணி காயப்போட ஒரு கூரை இல்லை. ஜன்னல் கம்பி, கட்டில் கால், ஃபேன் கொக்கி எல்லா இடத்திலும் நீல ஓவர்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கோட்டு, எல்லாம் ஈரம். தேய்ப்புப் பெட்டி கிடையாது. தலையணைக்கு அடியில் மடித்து வைத்துப் படுப்பார்களாம்.

முதலாளியிடம் போய் நின்றேன். தகரக் கூரை, நைலான் கயிறு, இரண்டு தேய்ப்புப் பெட்டி கேட்டேன். பெட்டி மட்டும் ஒன்றுதான் கொடுத்தார். கூரை வர ஒரு வாரமானது. அபராத நோட்டை அந்த சீசன் முடியும்வரை மூடி வைக்கிறேன், கோட்டு அழுக்காக இருந்தால் என்னைக் கேளுங்கள் என்றேன். பிள்ளைகளிடம், "கயிறும் பெட்டியும் கடை குடுத்துருச்சு. துவைக்கிறதும் தேய்க்கிறதும் உங்க பாடு. முறை வச்சுக்குவீங்களோ சண்டை போட்டுக்குவீங்களோ, எனக்குத் தெரியாது" என்றேன். முறை வைத்துக்கொண்டார்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். சண்டையும் போட்டார்கள்.

பத்து நாள் இருக்கும். காலை வரிசைக்கு முன்னால் அதே உசிலம்பட்டிப் பிள்ளை என் மேஜைக்கு வந்தாள். கையில் வேறொருத்தியின் ஓவர்கோட். இடுப்புப் பக்கம் தேய்ப்புப் பெட்டியின் மூக்கு மாதிரியே ஒரு பொசுங்கல். "நாந்தான்க்கா தேய்ச்சேன். போன்ல அம்மா கூப்புட்டாங்க, பெட்டியை வச்சுட்டுத் திரும்பிட்டேன். அவ மேல தப்பில்ல. இன்னிக்கு என் கோட்ட அவ போட்டுக்கட்டும். இதை நான் சரி பண்ணிப் போட்டுக்கிறேன்." நோட்டு இருந்த காலத்தில் பொசுங்கின துணி எதுவும் என் மேஜைக்கு வந்ததில்லை. குப்பைத் தொட்டியில்தான் கிடைக்கும், யாருடையது என்று தெரியாமல்.

கீழ் மடிப்பைப் பிரித்து ஒரு துண்டு வெட்டி, பொசுங்கின இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தாள். நெருக்கமான கைத்தையல். மறுநாள் காலை வரிசையில் மேனேஜர் வந்தவர் அவள் முன்னால் நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு பாக்கெட் வச்ச?"

அவள் இரண்டு விரலால் அந்த ஒட்டின் நாலு ஓரத்தையும் தடவிக் காட்டினாள்.

"நாலு பக்கமும் தச்சிருக்கு சார். ஒண்ணும் போட முடியாது."

நன்றி, வணக்கம்.