செங்கல் எந்தப் பக்கம்?

வணக்கம். நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வது குறைவு. "கேஸ் டாக்டர்" என்பார்கள், இல்லையென்றால் "அல்சர்" என்பார்கள். சாப்பிட்டுக் குனிந்தால் தொண்டைவரை புளிப்பாக ஏறுகிறதா என்று கேட்டால்தான், "ஆமா, எதுக்களிக்குது" என்று வரும். அந்த ஒரு சொல்லிலேயே நோய் முழுவதும் இருக்கிறது.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை ஞாபகம் இருக்கிறதா? நம் இரைப்பையின் மேல்வாயும் அப்படித்தான். உணவு இறங்கும்போது திறக்கும், அப்புறம் சுருங்கிக்கொள்ளும். அந்தச் சுருக்கு தளர்ந்தால் உள்ளே இருக்கும் அமிலம் மேலே ஏறும். இரைப்பையின் உள்சுவர் அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது, அதனால்தான் எரிகிறது. ஆக, பலருக்குக் கோளாறு அமிலம் அதிகம் சுரப்பதில் இல்லை. இருக்கக் கூடாத இடத்துக்கு அது வருவதில்தான்.

ஒரு பரோட்டா மாஸ்டர் என்னிடம் வந்தார். மாலை ஆறு மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றால், கடை சாத்த நள்ளிரவு தாண்டும். மிச்சமான பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து நாலைந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உடனே படுத்துவிடுவார். இரண்டு மணிக்கு நெஞ்சு கரிக்க எழுந்து உட்காருவார். ஒரு டம்ளர் பால் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்குமாம், அப்புறம் திரும்பவும் எரியுமாம். அது அப்படித்தான். பால் முதலில் அமிலத்தைத் தணிக்கும், பிறகு அதுவே சுரப்பைத் தூண்டிவிடும்.

தொழிலை மாற்றச் சொல்ல முடியுமா? கல்லைப் பற்றவைப்பதற்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், கடை சாத்தியபின் பசித்தால் ஒன்றிரண்டு இட்லி போதும் என்றேன். கட்டில் காலுக்குச் செங்கல் கொடுங்கள் என்றும் சொன்னேன். பத்து நாள் கழித்து வந்தார். "டாக்டர், செங்கல் வச்ச பிறகு எரிச்சல் கூடிப்போச்சு!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், மனிதர் கால்மாட்டில் வைத்திருக்கிறார்! தப்பு என்மேல்தான். "கட்டில் காலுக்கு" என்றேனே தவிர, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. பத்து நாளும் தலை கீழே, வயிறு மேலே. அமிலத்துக்கு நானே சறுக்குமரம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் இப்போது யாரிடமும் இரண்டு தடவை சொல்கிறேன்: தலைமாடு. தலைமாட்டுப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் அடியில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல் படுக்கவைத்தால் சுமார் ஆறு அங்குலம் உயரும். அது போதும். நாலு தலையணை அடுக்கினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி, வயிறுதான் அழுந்தும். பாயில் படுப்பவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பையில் கிடப்பது அதன் மேல்வாயைவிடத் தாழ்வாகத் தங்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். இதைச் செய்யாமல் என்னிடம் மாத்திரை கேட்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

மாத்திரை என்றதும் ஒன்று. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறவர்கள் ஏராளம். காலை உணவுக்கு அரை மணி முன்பு போட்டால்தான் அது சரியாக வேலை செய்யும். மருந்துக்கடையில் தானாக வாங்கி வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அப்போதைய எரிச்சலைத் தணிக்க, அமிலத்தை முறிக்கும் அந்த ரோஸ் நிற ஆன்டாசிட் திரவமே போதும்.

காபி, புதினா மிட்டாய், சிகரெட், மது, தொப்பை, இடுப்பில் இறுக்கிய பெல்ட் எல்லாவற்றையும் பற்றி விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன். செங்கலிலேயே நேரம் போய்விட்டது. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கும்போது உணவு சிக்கினாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் அழுத்தம், வேர்வை, மூச்சுத்திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால், "கேஸாத்தான் இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இசிஜி எடுத்துப் பார்த்தபின் கேஸ் என்று தெரிந்தால் தெரியட்டும். வணக்கம்.