ஃபியோர்டுகளின் அடியில் குடியிருப்போர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகரசபை உறுப்பினர் அவர்களே, தமிழ்ப் பாடசாலையின் பொறுப்பாசிரியர் அவர்களே, என் நேரத்தில் சிறிது எடுத்துக்கொண்டாலும் அவையைக் கலகலப்பாக்கிவிட்டுச் சென்ற மருத்துவர் ஐயா அவர்களே, 1980களில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று உழைத்து இந்நாட்டில் நமக்கொரு இடம் பிடித்துத் தந்த மூத்தோரே, தாய்மாரே, இளையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. என் பேச்சை முன்பே கேட்டவர்கள் இதை எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள். நோர்வேயின் ஃபியோர்டுகளைப் பற்றி இன்று நான்கு செய்திகள் சொல்ல எண்ணியுள்ளேன்: அங்கே நீர் நிற்கும் விதம், அடியில் வாழும் உயிர்கள், வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நிகழும் மாற்றம், நாம் ஃபியோர்டுகளில் கொட்டும் கழிவு. அந்தக் கழிவைத் தடுக்கக் கோரும் மனுவொன்றில் இறுதியில் உங்கள் கையெழுத்தையும் கேட்பேன்.

பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்ததே ஃபியோர்டு. சொக்ன ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். ஆனால் அதன் வாயிலில் உள்ள மேட்டின் மேல் நீர் 200 மீட்டர்கூட இல்லை. உள்ளே ஆழத்தில் கிடக்கும் நீர் வெளிக்கடல் நீரோடு எளிதில் கலந்துவிடாதபடி தடுப்பது இந்த மேடுதான். மேடு மிக உயர்ந்திருக்கும் சில ஃபியோர்டுகளில் அடிநீரின் உயிர்வளியே தீர்ந்துபோகிறது; மற்றவற்றில் அவ்வப்போது கனமான புதுநீர் மேட்டைத் தாண்டி வழிந்து இறங்கி, அடியில் உள்ளவர்களுக்கு மூச்சு கொடுக்கிறது.

அடியில் உள்ளவர்கள் என்றேன். அப்படி எவரும் இல்லை என்று அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், கிழக்கு மத்தியதரைக் கடலில் ஆழம் கூடக்கூட உயிர்கள் குறைந்து வருவதைக் கண்டு, ஏறத்தாழ 300 பாகத்துக்குக் கீழே (ஒரு பாகம் ஆறடி) உயிரே இராது என்று 1840களில் கணித்தார். அவர் பெரிய அறிஞர், உலகம் நம்பியது. அதே காலத்தில் பெர்கனுக்கு வடக்கே மாங்கர் என்னும் ஊரில் மிக்கேல் சார்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்; மற்ற நாட்களில் கடலடியை வாரியெடுக்கும் வலை. கூட்டத்தார் மேலுலகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, போதகர் கீழுலகத்தைத் துருவிக்கொண்டிருந்தார் என்று நான் சொல்வதுண்டு. நல்லவேளை, இங்கிருக்கும் பாதிரியார் சிரிக்கிறார்! அந்த மனிதர் 1854இல் தலைநகரில் பேராசிரியரானார். அவருடைய மகன் கியோர்க் ஓசியான் சார்ஸ் அரசு ஊழியத்தில் வடக்கே லொஃபோத்தன் தீவுகளின் காட் மீன்பிடியை ஆராயச் சென்றார். போன இடத்தில் தகப்பனின் பழக்கம் கையை விடவில்லை. 1864இல், ஃபோர்ப்ஸ் கோடு கிழித்த அதே 300 பாக ஆழத்திலிருந்து வலையை இழுத்தார். சேற்றோடு வந்தது மெல்லிய தண்டின் உச்சியில் சிறு கைகளை விரித்த கடல் அல்லி என்னும் விலங்கு! அதன் நெருங்கிய உறவுகளைக் கல்லாகிப் போன எச்சங்களிலேதான் அறிஞர்கள் அதுவரை கண்டிருந்தார்கள். தந்தை அதை ஆராய்ந்து எழுதினார். வைவில் தாம்சன் என்னும் அறிஞர் நோர்வேக்கு வந்து அதைத் தம் கண்ணால் பார்த்தார். அந்த வியப்பு வளர்ந்து 1872இல் சேலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பலை உலகக் கடல்களுக்கு அனுப்பியது. ஆழமறியாமல் காலை விட்டவர் யார் என்பதை அவையோர் முடிவுக்கே விடுகிறேன்.

இப்போது துரொண்ட்ஹைம் ஃபியோர்டுக்கு வாருங்கள். தௌத்ரா தீவருகே, வெறும் 40 மீட்டர் ஆழத்தில், குளிர்நீர்ப் பவளத் திட்டு இருக்கிறது. இந்தப் பவள இனம் இவ்வளவு மேலே வாழும் வேறிடம் உலகில் அறியப்படவில்லை. வெப்பக்கடல் பவளத்துக்கு வெயிலில் உணவு சமைத்துத் தரும் பாசி உடலுக்குள் இருக்கும். இதற்கு அந்த வாய்ப்பில்லை. ஒவ்வொரு வெண்கிண்ணத்திலிருந்தும் கைகளை நீட்டி, நீரோட்டம் கொண்டுவருவதைப் பிடித்துத் தின்கிறது. கிளைகளுக்கிடையே தடித்த கடற்புழு ஒன்று காகிதம் போன்ற குழாயைக் கட்டுகிறது. பவளம் அந்தக் குழாயின் மேலேயே சுண்ணாம்பு பூசி வளர்வதால் தனித்தனிக் கிளைகள் இணைந்து உறுதியாகின்றன. வளர்ச்சியோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். இழுவைமடி ஒரு முறை உரசினால் நூற்றாண்டுகள் நொறுங்கும். அதனால்தான் நோர்வே 1999இல் பவளத்திட்டுகளைக் காக்கச் சட்டமிட்டது. இதற்காக அரசைப் பாராட்டுகிறேன், மாநகரசபை உறுப்பினர் கவனிக்க வேண்டும்.

பவளத்துக்கு அழகு இருக்கிறது, ஆதரவாளர் கிடைக்கிறார்கள். சேற்றுத்தளத்துக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே இறகு போல் நிமிர்ந்து நிற்கும் உயிர்களும், வளை தோண்டும் இறால்களும், சேற்றுக்குள் உயிர்வளியை இறக்கிவிடும் புழுக்களும் வாழ்கின்றன. அந்த அடித்தளத்தின் மேல்தான் மேற்கு நோர்வேயின் ஃபோர்டே ஃபியோர்டில் 25 கோடி டன் வரை சுரங்கக் கழிவைக் கொட்ட 2015இல் அனுமதி வழங்கினார்கள். 1970களில் கொட்டிய செப்புச் சுரங்கக் கழிவு ஏற்கெனவே கிடக்கும் ஃபின்மார்க்கின் ரெப்பார் ஃபியோர்டில், ஆண்டுக்கு 20 இலட்சம் டன் வரை கொட்டவும் அனுமதித்தார்கள். அரைத்த பாறைத்தூள் மேலே படியப் படிய, ஓடத் தெரியாத உயிர் உயிரோடு புதைகிறது. மிதந்து போகும் நுண்தூளோ வடிகட்டி உண்ணும் உயிர்களின் வாயை அடைக்கிறது. 'ஆழத்தில் போடுகிறோம், கண்ணில் படாது' என்பது ஃபோர்ப்ஸ் சொன்னதன் புது வடிவம். அவராவது தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

ஸ்வால்பார்டைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை என்று தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒன்று மட்டும்: கொங்ஸ் ஃபியோர்டின் பாறைத்தளத்தில் 1995 அளவில் கடற்பாசிப் பரப்பு திடீரென ஐந்து மடங்கானது. சூடாகும் கடலில் அடித்தளம் ஏற்கெனவே தடுமாறுகிறது. அதன் தலையில் கழிவையும் கொட்டலாமா?

ஃபோர்டே ஃபியோர்டு அனுமதியை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில், நீர்நிலையைக் கெடுக்கக்கூடாது என்ற விதிக்கு விலக்களிக்கப் பொருளாதார ஆதாயம் மட்டுமே போதிய காரணமாகாது என்று, நோர்வே உள்ளிட்ட ஈஃப்டா நாடுகளுக்கான நீதிமன்றம் 2025இல் கருத்துரைத்தது. ஆகவே நம் மனுவில் இரண்டே கோரிக்கைகள்: எந்த ஃபியோர்டிலும் சுரங்கக் கழிவைக் கொட்டுவதைச் சட்டத்தால் தடை செய்க; கழிவைச் சுரங்கக் குழிகளிலேயே நிரப்பும் செலவை நிறுவனங்களே ஏற்கச் செய்க. படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகுமுன் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வாய்ப்பளித்த அவைத்தலைவருக்கு நன்றி.