கண்டுபிடித்த பிறகும் தொலைந்த மருந்து

அவைக்கு என் வணக்கம்.

பாய்மரக் கப்பல் காலத்தில் நெடும்பயணம் போன மாலுமிகளைப் புயலும் பீரங்கியும் கொன்றதை விட ஸ்கர்வி என்ற நோய் கொன்றதுதான் அதிகம். மருந்து இல்லாமல் இல்லை. காய்கறிச் சந்தையில் கிடைக்கிற மருந்துதான். அதைக் கண்டுபிடித்தார்கள், கைவிட்டார்கள், திரும்பக் கண்டுபிடித்தார்கள், திரும்பவும் கைவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் வெறும் அசதிதான். அப்புறம் காலில் கருநீலத் திட்டுகள். ஈறு வீங்கிப் பல்லை மூடும், ரத்தம் கசியும், பல் ஆடிக் கழன்று விழும். 1740-இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி ஏறத்தாழ 1,900 பேரோடு ஸ்பெயின்காரர்களைத் தாக்கக் கிளம்பினார். 1744-இல் அவரோடு ஊர் வந்து சேர்ந்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. எதிரியின் கையால் செத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அந்தப் பயணத்தின் பதிவில் ஒரு செய்தி வருகிறது. கப்பலில் வயதான ஒருவர் இருந்தார். 50 வருடங்களுக்கு முன்னால், 1690-இல், அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரைச் சண்டையில் காயம்பட்டவர். காயம் எப்போதோ ஆறிவிட்டது. ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய காயம் புதுப்புண்ணாகத் திறந்துகொண்டது. இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் காரணம் இருக்கிறது. ஆறிய தழும்பைக் கூட உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கொலாஜன் என்ற புரதம் வேண்டும். கொலாஜன் உறுதியாக அமைய வைட்டமின் சி வேண்டும். எலியும் நாயும் அதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும் மட்டுமே தின்றால் சில மாதங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

ஆன்சனுக்கு 140 வருடங்கள் முன்பே வழி தெரிந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். 1601-இல், நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணம். ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் நான்கு கப்பல்கள். தன் கப்பலில் இருந்தவர்களுக்கு அவர் தினமும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். தென்னாப்பிரிக்கக் கரையை அடைந்தபோது மற்ற மூன்று கப்பல்களிலும் வேலை செய்யத் தெம்பான ஆட்கள் இல்லை; இவருடைய ஆட்கள் போய்த்தான் உதவினார்கள். இவ்வளவு கண்கூடாகத் தெரிந்த பிறகும் அது வழக்கமாக நிலைக்கவில்லை.

சரி, ஜேம்ஸ் லிண்டுக்கு வருவோம். 1747 மே மாதம், சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் வைத்தியர். ஸ்கர்வி முற்றிய 12 பேரைத் தேர்ந்து ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே சாப்பாடு போட்டு, இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது. ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம். இன்னொன்றுக்கு வினிகர். பாவம், ஒரு ஜோடிக்குக் கடல்நீர். இன்னொரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த ஒரு லேகியம், குடிக்கப் புளி கரைத்த பார்லித் தண்ணீர். ஆமாம், நம் சமையலறைப் புளியேதான். அதில் வைட்டமின் சி மிகக் குறைவு என்பதால் பெரிதாகப் பலன் இல்லை. கடைசி ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயார். மற்றவர் எழுந்து பிற நோயாளிகளைக் கவனிக்க ஆரம்பித்தார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லிண்ட் 1753-இல் எழுதிய தடித்த நூலில் இந்தச் சோதனைக்குச் சில பக்கங்கள்தான். ஈரக்காற்றும் அடைபட்ட வியர்வையும்தான் நோய்க்குக் காரணம் என்று அவர் நம்பினார். பழம் கெட்டுப்போகுமே என்று சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கிப் பாகாக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அழிந்துவிடும். மருந்தைக் கண்டவரே அதைக் கெடுக்கும் வழியையும் எழுதிவைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைட்டமின் என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

1770-களில் உலகம் சுற்றிய ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் பசுங்காய், ஊறவைத்த முட்டைக்கோஸ் என்று எது கிடைத்தாலும் தன் ஆட்களைச் சாப்பிடவைத்தார், நல்ல பலன். ஆனால் பாராட்டெல்லாம் பார்லி முளைக் கஷாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் எலுமிச்சை இன்னும் 20 வருடங்கள் காத்திருந்தது.

முடிவு தெரிந்தது நம் கடற்கரைக்கு எதிரே. கில்பர்ட் பிளேன் என்ற மருத்துவர் ஆங்கிலேயக் கடற்படையில் செல்வாக்கு உள்ளவர். அவர் சொன்னபடி 1794-இல் சஃபோக் என்ற போர்க்கப்பலில் எலுமிச்சைச் சாறு ஏற்றினார்கள். ஆளுக்குத் தினம் ஏறத்தாழ 20 மில்லி, சர்க்கரையோடு ரம்மில் கலந்து. 23 வாரங்கள் எங்குமே கரை தொடாமல் வந்த அந்தக் கப்பல் செப்டம்பர் மாதம் மதராஸுக்கு வந்து நங்கூரம் போட்டது. வழியில் சிலருக்கு ஸ்கர்வி தலைகாட்டியது. சாற்றைக் கூட்டிக் கொடுத்ததும் போய்விட்டது. ஒருவர் கூட அதற்குப் பலியாகவில்லை. மறு வருடமே கடற்படை முழுவதற்கும் சாறு கொடுக்க உத்தரவு வந்தது. போர்ட்ஸ்மவுத் அருகே ஹாஸ்லர் மருத்துவமனையில் 1780-இல் 1,457 ஸ்கர்வி நோயாளிகள் இருந்தார்கள். 1806-இல் ஒன்றிரண்டு பேர்தான்.

அப்புறம்தான் இரண்டாவது தொலைப்பு. 1860-களில் மத்தியதரைக் கடல் நாடுகளின் பெரிய மஞ்சள் எலுமிச்சையை விட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் தங்கள் காலனிகளில் விளைந்த சின்ன எலுமிச்சைக்கு மாறினார்கள். நாம் ஊறுகாய் போடுகிற வகை. புளிப்பு அதிகம், ஆகவே மருந்தும் அதிகம் என்று நினைத்தார்கள். உண்மையில் அதில் நோய் தடுக்கும் சத்து பெரியதில் ஏறத்தாழ கால் பங்குதான். நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1875-இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போனவர்களுக்குத்தான் தெரிந்தது. ஸ்கர்வி பரவி, நினைத்ததை விட முன்னதாகவே திரும்ப வேண்டியதாயிற்று. சாறே பயனில்லை, கெட்டுப்போன டின் இறைச்சிதான் காரணம் என்று மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது கினிப் பன்றிகள். நார்வே மாலுமிகளின் நோயை ஆராய்ந்த ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் இருவரும் 1907-இல் அவற்றுக்கு வெறும் தானியம் போட்டார்கள், ஸ்கர்வி வந்தது. எலியை எடுத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது; அதுதான் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளுமே. அந்தச் சோதனையை வைத்து 1918-இல் லண்டனில் ஹேரியட் சிக்கும் அவருடன் பணியாற்றிய பெண்களும் இரண்டு சாற்றையும் அளந்து பார்த்துத்தான் அந்தக் கால் பங்குக் கணக்கைச் சொன்னார்கள். நேர்ஸின் ஆட்கள் ஏன் படுத்தார்கள் என்பது, அவர்கள் திரும்பி 42 வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. 1932-இல் வைட்டமின் சி இன்னதென்று உறுதியானது.

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.